சிவந்த பீப்பாத் தண்ணீர்

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. கடையில் பால்மா பக்கெட் வாங்கினால் திருப்பித் தேதியைப் பார்ப்பேன். தேதி சரியாக இருந்தால், யாராவது அழித்துவிட்டு மேலே புதிதாகக் குத்தியிருப்பார்களோ என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். பஸ் பலகை போட்டு வந்தாலும் ஏறும்போது ஒருமுறை கேட்டுக்கொள்வேன். என் வீட்டுக்காரர், "ஒன்ன பொலிஸ்ல எடுத்திருக்கணும்" என்பார். பொலிஸில் எடுக்கவில்லை. தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பூச்சி ஆய்வுக்கூடத்தில் எடுத்தார்கள்.

அங்கே என் வேலை நுண்நோக்கியில் பார்த்து எண்ணுவது. எண்ணுவது எதை என்றால், புழுவுக்கு வரும் வைரஸை. தேயிலைச் செடியை மொட்டையடிக்கும் ஒரு புழு இருக்கிறது. முதுகை வளைத்து வளைத்து நடப்பதால் காவடிப்புழு என்போம். அதற்கென்றே ஒரு வைரஸ் உண்டு. பக்கத்துக் கிளையில் இருக்கும் வேறு சாதிப் புழுவைக்கூட அது சீண்டாது. அது தொற்றிய காவடிப்புழு தின்பதை நிறுத்திவிட்டுச் செடியின் உச்சிக்கு ஏறும். பின்னங்கால்களால் கிளையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கிச் சாகும். தொட்டால் போதும், தோல் கிழிந்து உள்ளே இருப்பதெல்லாம் கஞ்சித் தண்ணீராக ஒழுகும். அந்த ஒழுகலைத்தான் நாங்கள் வடிகட்டிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, தண்ணீரில் கலந்து தேயிலை மலையில் தெளிக்கப் பார்த்தோம். பூச்சிமருந்து கிடைக்காமல் தோட்டங்கள் கையைப் பிசைந்த காலம் ஒன்று வந்ததே, அதற்குப் பிறகு தொடங்கிய வேலை.

வைரஸை எங்கள் நுண்நோக்கியில் பார்க்க முடியாது, அத்தனை சிறிது. அது குடியிருக்கும் மணியைத்தான் பார்க்கலாம். ஒரு மணிக்குள் ஏகப்பட்ட வைரஸ், தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் முழுக்க முடங்கிக் கிடக்கிற மாதிரி. கோடு கிழித்த கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, கட்டம் கட்டமாக எண்ண வேண்டும். மணி மாதிரியே மினுங்கும் தூசியும் உண்டு, கொழுப்புத் துளியும் உண்டு. முதல் பார்வையை நம்பாதவளுக்குத்தான் அந்த வேலை சரிப்படும். மேடம் அதற்காகவே என்னைப் பாராட்டுவார். மேடம் எங்கள் ஆய்வு அதிகாரி, கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. கோபமே வராதவர், ஆனால் எழுத்தில் வந்த எதையும் மறக்காதவர்.

எங்களோடு இன்னொருவரும் இருந்தார். நோர்வூட்காரர், ஐம்பதைத் தாண்டியவர். புழு வளர்ப்பது அவர் வேலை. காலையில் கொழுந்து பறித்து வந்து தட்டுத் தட்டாகப் புழுக்களுக்குப் போடுவார். செத்ததை எடுத்துப் போத்தலில் சேர்ப்பார். தெளிக்கும் நாளில் வடிகட்டிய சாற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், பீப்பாத் தண்ணீரில் ஊற்றிக் கலக்குவார். அந்தப் பீப்பாயிலிருந்து ஒரு சின்னப் போத்தல் தண்ணீரை நான் எண்ணுவதற்குத் திருப்பிக் கொண்டுவருவதும் அவர்தான். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். அவர் வேலை நிரந்தரமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேடம் கையெழுத்துப் போட்டால்தான் நீடிக்கும். மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள், வீட்டில் வேறு வருமானமில்லை. அடுத்த கையெழுத்துக்கு இரண்டு மாதம் இருந்தபோதுதான் நான் சொல்லப்போகும் காரியம் நடந்தது.

ஹட்டனில் அவருடைய மச்சானுக்குப் பூச்சிமருந்துக் கடை இருந்தது. அதை அவரே ஒருநாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னார். நான் சோற்றைப் பிசைந்தபடியே மனதில் குறித்துக்கொண்டேன்.

தெளித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த தோட்டம் நான் பிறந்த தோட்டம். என் அக்கா அங்கேதான் கொழுந்தெடுக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அப்போதுதான் அவள் முழுகாமல் இருந்தாள். மேடம் எங்களுக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார்: தோட்டத்து ஆட்களிடம் வைரஸ் என்ற சொல்லையே எடுக்கக்கூடாது, உயிர்மருந்து என்று மட்டும் சொல்ல வேண்டும். கொரோனா வந்து போன ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னால் ஒருத்தரும் மலையேற மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில், புது மருந்து ஒன்று வருகிறது, ஒன்றும் செய்யாது என்று அறிவித்தாராம். ஒன்றும் செய்யாது என்று மேலே இருப்பவர்கள் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு அப்போதுதான் பயமே வரும். எத்தனையோ முறை கேட்ட பேச்சு அது.

எனக்கு எல்லாம் தெரியும். அது மனிதரைத் தொடாது என்று படித்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் புத்தி சும்மா கிடக்குமா? முதல் தெளிப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், அடுப்படியில் அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அந்த மலையில தெளிக்கிற அன்னைக்கு நீ மட்டும் வேலைக்குப் போகாத. அது வைரஸ். புழுவுக்குத்தான் வரும், மனுசருக்கு வராது. இருந்தாலும் நீ போகாத. யாருகிட்டயும் மூச்சு விடாத."

அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி சரி என்றாள். நான் நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.

முதல் தெளிப்பு நடந்தது. ஒரு வாரத்தில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கியிருக்க வேண்டும். பத்து நாள் ஆயிற்று, அவை பாட்டுக்கு மலையைத் தின்றுகொண்டிருந்தன. அண்ணன் கொண்டுவந்திருந்த பீப்பாத் தண்ணீரை நான் ஏற்கனவே எண்ணியிருந்தேன். எண்ண அதில் ஒன்றுமே இல்லை. தகட்டைக் கழுவி இன்னொரு சொட்டு விட்டேன், பிறகு இன்னொன்று. மணி ஒன்றுகூட இல்லை. குளிர்ப்பெட்டியில் மிச்சமிருந்த சாற்றில் ஒரு சொட்டு எடுத்தால் கட்டத்துக்குக் கட்டம் மொய்த்துக் கிடந்தது. அப்படியென்றால் குளிர்ப்பெட்டிக்கும் பீப்பாய்க்கும் நடுவில்தான் ஏதோ நடந்திருக்கிறது. நடுவில் இருந்தது அண்ணன் ஒருவர்தான்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது தெளிப்பு. அதுவும் அதே கதை. இந்த முறை போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீரில் லேசான சிவப்பு. முதல் போத்தலிலும் அப்படித்தான் இருந்தது, நான் மண் தண்ணீர் என்று விட்டுவிட்டேன். மண் என்றால் அடியில் படிய வேண்டுமே. இது படியவில்லை. கடையில் விற்கும் சில பூச்சிமருந்துக்கு, யாரும் தெரியாமல் குடித்துவிடக்கூடாது என்று சாயம் கலந்திருப்பார்கள். மச்சானின் கடை என் கண்முன் வந்து நின்றது. இந்த வைரஸ் வேலை செய்துவிட்டால் யார் கடையில் மருந்து வாங்குவார்கள்? எல்லாம் அப்படியே பொருந்திப் போயிற்று. பொருந்துகிற எதையும் சந்தேகப்படு என்று நான் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அன்றைக்கு என் சந்தேகம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மருந்து கலந்திருந்தால் புழு செத்திருக்க வேண்டுமே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள். சாயத் தண்ணீரை ஊற்றிவிட்டு நல்ல சாற்றை எங்கோ கொட்டியிருப்பார் என்று அதற்கும் ஒரு காரணம் கட்டினேன்.

அதற்குப் பிறகு அவரைக் கண்காணிப்பதே எனக்கு வேலையாகிப் போனது. நாளுக்குப் பத்து முறை அவர் கை கழுவுவதைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. எதைக் கழுவுகிறார் இந்த மனிதர்? ஒருநாள் அவர் கொழுந்து பறிக்கப் போனபோது அவருடைய பையைத் திறந்தே பார்த்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் திறந்தேன். ரொட்டி, சம்பல், ஒரு துவாய், இரண்டு சவர்க்காரக் கட்டி. எதற்கு இரண்டு என்று அதிலும் எனக்கு ஒரு கேள்வி.

மேடமுக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினேன். குற்றம் சாட்டுகிறேன் என்று எழுதவில்லை, கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று எழுதினேன். மணி இல்லாத கணக்கு, சிவப்பு நிறம், இடையில் கை வைத்தவர் யார், அவருடைய மச்சானுக்கு என்ன கடை என்று வரிசையாக. பொய் ஒரு வரிகூடக் கிடையாது. மேடம் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். பீப்பாயில் யாராவது மருந்து கலந்தார்களா என்று கேட்டதற்கு, இல்லை என்றாராம். அந்த வாரத்தோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

போகும்போது அவர் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நாலாவது தட்டுல இருக்கிறதுங்க தோல் உரிக்கிற நேரங்க மிஸ். ரெண்டு நாளைக்குக் கை வைக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தெளிப்புக்குச் சாற்றுப் போத்தலை நானே தூக்கிக்கொண்டு போனேன். யாரையும் நம்புவதில்லை என்று முடிவு. காலை ஏழரைக்கெல்லாம் மலையடிவாரத்துப் பீலிக்குப் போய்விட்டேன். மூங்கில் வழியாகத் தண்ணீர் விழும் அந்த இடத்தில்தான் பீப்பாயை நிரப்பி வைப்பார்கள். மருந்தடிக்கும் ஆண்கள் இன்னும் வந்து சேரவில்லை. பீப்பாயைச் சுற்றிக் கொழுந்துக்கூடையோடு ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். நடுவில் என் அக்கா, தள்ளிய வயிற்றோடு. வீட்டில் இருக்க வேண்டியவள்.

அவள் கையில் ஒரு சிரட்டை. சிரட்டையில் ஆரத்தி. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்தால் இரத்தச் சிவப்பாக வருமே, அதுதான். பீப்பாயை மூன்று முறை சுற்றினாள். எல்லோர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். வழக்கமாக ஆரத்தியை முச்சந்தியில் கொட்டுவோம். அவள் அப்படியே பீப்பாய்க்குள் கவிழ்த்தாள். இன்னொருத்தி வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை வழித்து அதன் பின்னாலேயே போட்டாள். தண்ணீர் சிவந்தது.

என்ன செய்கிறாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. காவடிப்புழுவின் வயிற்றுக்குள் இருப்பது சுண்ணாம்புத் தண்ணீர் போன்ற காரம். அந்தக் காரத்தில்தான் மணி கரையும், கரைந்தால்தான் உள்ளேயிருக்கும் வைரஸ் வெளியே வந்து புழுவைப் பிடிக்கும். அதே காரத்தைப் பீப்பாயிலேயே போட்டால், மணி அங்கேயே கரைந்து வைரஸ் வெட்டவெளியில் செத்துப்போகும். கிருமியைக் கொல்ல இதைவிடப் பொருத்தமான ஒன்றை அந்தப் பெண்கள் தேடியிருக்கவே முடியாது. மஞ்சள் சிவந்தால் அங்கே காரம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவள் நான். இரண்டு போத்தல் சிவப்பை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு மனிதனின் மச்சானை நினைத்திருக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று அக்காவிடம் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீதானே வைரஸுன்னு சொன்ன? என்னைய மட்டும் ஊட்ல இருக்கச் சொன்ன. நான் இருந்துக்கிட்டா இவங்கள்லாம் என்னா செய்வாங்க? இவங்களுக்குப் புள்ளைங்க இல்லியா?"

பீப்பாயைக் கவிழ்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, சாற்றை ஊற்றினேன். பெண்கள் தள்ளிப் போய் நின்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். அன்று மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டு நல்ல சாற்றைத் தகட்டில் விட்டு, விளிம்பில் ஊசிமுனையளவு சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து மணிகள் ஒவ்வொன்றாக மங்கின, பிறகு இல்லாமல் போயின. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றைக்கே மேடமிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அக்காவை இழுத்துவிடுவார்கள், தோட்டத்தில் அவள் வேலையை நிறுத்திவிடுவார்கள், பிள்ளைத்தாய்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, வைரஸ் என்று வெளியே சொன்னது நான் என்று தெரிந்துவிடுமே என்ற பயம்.

எட்டாம் நாள் மலையெங்கும் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. மேடம் நேரில் வந்து பார்த்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் கண்டதில்லை. உன் சந்தேகம் சரியாகத்தான் போயிற்று, அந்த மனிதர் போனதும் வேலை நடந்துவிட்டது பார் என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டினேன் என்று எழுதும்போதே என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. இனி எந்த ஆய்வுக்கூடத்திலும் அவரை எடுக்காதபடி எழுதி அனுப்பப் போகிறேன் என்றும் மேடம் சொன்னார். வருகிற வாரம் அனுப்புவாராம்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு ஹட்டன் பஸ் பிடித்து, அங்கிருந்து நோர்வூட்டுக்குப் போனேன். அவர் ஒரு மரக்கறிக் கடைக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார், மேடமைக் கண்டால் செய்வது போல. கடைக்குப் பக்கத்தில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். நான் வாங்கிக் கொடுக்க விடவில்லை. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ஒன்றாம் திகதியிலிருந்து ஒரு துணிக்கடையில் நிற்கப் போகிறாள், படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஆரத்தியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம். இரண்டு முறையும் அவர் நிற்கும்போதுதான் சுற்றினார்களாம், அவருக்கும் பொட்டு வைத்தார்களாம்.

"அப்ப மேடம் கேட்டப்ப ஏண்ணே சொல்லல?"

"மருந்து கலந்தாங்களான்னுதாங்க கேட்டாங்க. ஆரத்திய மருந்துன்னு யாருங்க சொல்லுவா?"

பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"நானும் கும்பிட்டுத்தான் நின்னேங்க மிஸ். நாலு வருசமா அந்தச் செத்த புழுவ அள்ளுறேன். கைய எத்தன தடவ கழுவுனாலும் எம் மகள தொடுறதுக்குப் பயமா இருக்கும். அது மனுசர என்னா செய்யும்னு நீங்க ஒரு நாளும் எங்கிட்ட சொன்னதில்லீங்க. ஒங்க அக்காவுக்கு மட்டும் போய்ச் சொல்லியிருக்கீங்க, அவங்களே சொன்னாங்க."

நான்கு வருடம். எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோம். நம் வயிறு புளிப்பு, புழுவின் வயிறு காரம், அந்த மணி நமக்குள் போனால் திறக்காது, அப்படியே வெளியே போய்விடும். இரண்டு நிமிடத்துப் பேச்சு. அந்த ரோட்டோரத்தில்தான் முதன்முதலாக அவரிடம் அதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கடிதத்தை அன்று மாலையே எழுதி, மறுநாள் காலையில் மேடம் மேசையில் வைத்தேன். இதில் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன் என்றெல்லாம் இல்லை. நான் சொன்னேன், நான் பயமுறுத்தினேன், நான் தவறாக எழுதினேன் என்று எழுதினேன். தோட்டத்துப் பெண்கள் என்றேன், யார் என்று சொல்லவில்லை. மேடம் இரண்டு முறை படித்தார். சத்தம் போடவில்லை. பத்து நாள் முன்னாடியே உனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அதற்குப் பிறகு இன்றுவரை என் எண்ணிக்கையை இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்காமல் அவர் எடுத்துக்கொள்வதில்லை.

அண்ணனைத் திரும்ப எடுத்தார்கள். மகள் துணிக்கடைக்குப் போகவில்லை. பெரட்டுக்களத்தில் நானே நின்று இது வைரஸ்தான், புழுவுக்கு மட்டும் வருவது என்று எல்லோருக்கும் விளக்க வேண்டும் என்று மேடம் சொன்னார். நின்றேன். வயிற்றுப் புளிப்பையும் காரத்தையும் விளக்கி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெண், அப்படியென்றால் உன் அக்காவை மட்டும் ஏன் வர வேண்டாம் என்று சொன்னாய் என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது என்றேன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த தெளிப்புக்கு அண்ணனும் நானும் சேர்ந்து போனோம். பீப்பா நிரம்பியிருந்தது. மருந்தடிக்கும் ஆண்கள் வந்துவிட்டார்கள், பெண்களும் கூடையோடு நின்றார்கள். ஊற்றுங்கள் அண்ணே என்றேன். அவர் சாற்றுப் போத்தல் இருந்த பெட்டியைத் திறக்கவில்லை. அதை என் காலடியில் வைத்துவிட்டு நாலைந்து எட்டுத் தள்ளிப் போய் நின்றார். நான்தான் திறந்தேன், நான்தான் ஊற்றினேன், கலக்கியதும் நான்தான். சின்னப் போத்தலில் தண்ணீர் பிடித்து மூடியதும் நான்.

அவர் இரண்டு கைகளையும் மார்புக்கு நேராக, விரல்களை விரித்தபடி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். நான் போத்தலை மூடி முடித்ததும் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கள்லாம் பாத்தீங்கதானே? நான் தொடல."